எனாமல் தட்டில் ஒரு பேட்ஜ்

போன வாரம் இருமல் என்னை ஹட்டன் ஆஸ்பத்திரி வரை இழுத்துக்கொண்டு போனது. நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். எனக்கோ எதிலும் சந்தேகம்... பால்காரர் சிரித்தால்கூட, இன்றைக்குத் தண்ணீர் அதிகமோ என்று யோசிக்கிற ஆள் நான்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கே உதவியாளர் செல்லம்மா. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். வயிற்றில் பிள்ளை, பார்த்தாலே தெரிந்தது. தாலிக்கயிற்றில், தாலியோடு கோத்த ஒரு சின்னப் பேட்ஜ்.

"இதென்ன தங்கச்சி, புது மாதிரி நகை?"

"நகையா! என்மேல எக்ஸ்ரே எவ்வளவு படுதுன்னு இது காட்டுமாங்க. உள்ள ஃபிலிம் இருக்கு. பட்டா கறுத்துரும். மாசாமாசம் கொழும்புக்கு அனுப்பிக் கழுவிப் பார்ப்பாங்க. இதுவரைக்கும் ஒண்ணுமே படலைங்க. அப்படியே இருந்தா பிள்ளைக்கும் பயமில்ல, இங்கயே வேலை பாருன்னு டொக்டர் சொல்லிட்டாங்க."

ஒன்றுமே படவில்லையா? நிற்க முடியாத நோயாளிகளை உள்ளே தாங்கிப் பிடிப்பதுதான் இவர் வேலை. நாள் முழுக்க அடுப்படியில் நிற்பவர் சேலையில் புகை வாசமே இல்லை என்றால், நீங்கள் நம்புவீர்களா?

அப்போது பொகவந்தலாவையிலிருந்து ஒரு கொழுந்து பறிக்கும் பெண் வந்தாள். காய்ச்சலில் உடம்பு நடுங்கியது. படத்தில் நெஞ்சை மறைக்கும், தாலியைக் கழற்று என்று செல்லம்மா சொன்னதும் இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டாள்.

"புருஷன் உசிரோட இருக்கையில தாலியக் கழட்டுறதா? செத்தாலும் மாட்டேன்!"

செல்லம்மா தன் தாலிக்கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினார். "இந்தா பாருக்கா, நானுந்தான் தெனமும் கழட்டுறேன். எங்க வீட்டுக்காரரு கல்லு மாதிரி இருக்காரு!"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கழற்றினாள். இரண்டு தாலியும் என் பக்கத்திலிருந்த எனாமல் தட்டுக்கு வந்தன. இருவரும் உள்ளே போனார்கள். கதவு மூடியது. மெஷின் உறுமியது.

தட்டைப் பார்த்தேன். பேட்ஜ் தட்டில்... செல்லம்மா உள்ளே!

அவர் வெளியே வந்ததும் கேட்டேன்: "இதை இங்கே விட்டுட்டா உள்ளே போறீங்க?"

"சட்டையில குத்தினா விழுந்துருதுங்க. தாலின்னா கழுத்த விட்டுப் போகாதேன்னு அதுல கோத்தேன். ஆனா நான் கழட்டிக் காட்டலேன்னா நம்ம பொம்பளைங்க கழட்டவே மாட்டாங்களே..." சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். கை வயிற்றுக்குப் போனது. "அப்ப கொழும்புல இத்தன நாளா எதைப் பார்த்தாங்க?"

"இந்தத் தட்டை" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது.

டொக்டர் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அன்றைக்கே செல்லம்மாவை மருந்து கொடுக்கும் பக்கத்துக்கு மாற்றினார்.

"பிள்ளைக்கு எவ்வளவு பட்டிருக்கும் டொக்டர்?" என்று செல்லம்மா கேட்டார்.

"அளந்தால்தானே அம்மா தெரியும்" என்றார் டொக்டர், அவர் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கும் ரிப்போர்ட் வந்துவிட்டது. நெஞ்சில் ஒன்றுமில்லையாம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

செல்லம்மாவுக்கு மாதாமாதம் வந்ததும் இதே மாதிரி சுத்தமான ரிப்போர்ட்தான்.