கத்தி வேண்டாம் என்று நான் சொன்னதாக

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆடி மாதம் எனக்குக் கரண்ட் வைக்கத் தொடங்கினார்கள். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பெயர். வைப்பது கதிர்வீச்சு என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. நெஞ்சில் கட்டிய சளியைக் கரைக்கிற வைத்தியம் என்று என் மனைவியும் அண்ணனும் சொல்லியிருந்தார்கள். மார்பில் ஊதா மையால் கோடு போட்டு, குளிக்கும்போது அழியக் கூடாது என்றபோதும் நான் சந்தேகப்படவில்லை. பஞ்சாங்கம் முதல் மருத்துவக் கட்டுரை வரை படிக்கிறவன்தான். இந்த இருவரும் பொய் சொல்வார்கள் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

நானும் மனைவியும் கருமத்தம்பட்டியிலிருந்து வந்து காந்திபுரத்தில் பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போவோம். இரண்டாம் வாரம், வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த மேட்டுப்பாளையத்து அம்மாள் கேட்டார்.

"ஏனுங்க, உங்களுக்குக் கட்டி எங்கீங்க?"

"கட்டியெல்லாம் இல்லீங்க. சளிதானுங்க."

"சளிக்கு ஆருங்க கரண்டு வெக்கறாங்க?" என்று சிரித்தவர், என் மனைவியின் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

நேரே டாக்டரிடம் போனேன். வலது நுரையீரலில் சின்னப் புற்றுக்கட்டி, வேறெங்கும் பரவவில்லை என்றார். ரிப்போர்ட் வந்தால் நோயாளியை வெளியே உட்காரவைத்துச் சொந்தக்காரர்களிடம் பேசுவது அன்றைய வழக்கம். "ஆபரேஷன்தான் நல்லதுன்னு சொன்னேன். நீங்கதான் கத்தியே வேண்டாம்னு பிடிவாதமா இருக்கறதா உங்க அண்ணன் சொன்னார். அதனாலதான் இது."

வீட்டில் அண்ணனைக் கேட்டேன்.

"கத்தி பட்டா ஒடம்பெல்லாம் பரவிப்போடும் தம்பி. உன்றகிட்டச் சொன்னா பொஸ்தகத்தைப் பொரட்டிப்போட்டு ஆபரேஷன்தான்னு நிப்பே."

"பயந்துபோயிட்டனுங்க," என்றாள் மனைவி. அவளும் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறாள்.

பாதியில் நிறுத்துவது சரியில்லை என்று டாக்டர் சொன்னதால் மிச்சத்தையும் வைத்துக்கொண்டேன். தொண்டை எரிந்து சோறு இறங்கவில்லை. மனைவி கரைத்துக் கொடுத்த கஞ்சியைக் குடித்தேன். கட்டி சுருங்கியது, பிறகு வளரவில்லை.

தொண்ணூற்றொன்பது தையில் ஒரு கல்யாணப் பந்தியில் அண்ணன் உரக்கச் சொன்னார்: "அன்னைக்கு நாங்க வாயை மூடிட்டு இருந்ததுனாலதான் இவன் இன்னைக்கு இருக்கறான்." வரிசையே தலையாட்டியது. அவர் சொன்னதற்குச் சாட்சியாக, உயிரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.