புத்தூரில் பத்மாசினி பார்த்த மாப்பிள்ளை

பண்டத்தரிப்புப் புகையிலைக் கமக்காரர் தம்பிராசாவின் மகள் பத்மாசினிக்கு அருவருப்பு என்பதே கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். மாட்டின் குளம்பில் புழு வைத்தால் அயலவர்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், வேப்பெண்ணெய்ச் சீலையால் புண்ணைத் துடைத்து, புழுக்களை ஈர்க்குக் குச்சியால் கிளறி எடுத்துவிட்டு, கையைக் கழுவிச் சோற்றுக்கு உட்கார்ந்துவிடுவாள். படுக்கையில் கிடந்த பெரியம்மாவைக் கடைசிவரை துடைத்துக் கழுவியதும் அவள்தான். பனம்பழக் காலத்தில் முழங்கைவரை களி அப்பியிருக்க, இலையான் முகமெல்லாம் மொய்க்க, முற்றத்தில் இருந்து பழம் பிசைவாள். "உவளுக்கு மூக்கே இல்லை" என்பாள் தாய் இரத்தினம்மா.

இருபத்தாறு வயதாகியும் அவளுக்குக் கலியாணம் ஒப்பேறவில்லை. சாதகம் பொருந்தினால் சீதனம் பொருந்தாது. சீதனம் பொருந்தினால் யாராவது ஒருவர் அவளுடைய நிறத்தைச் சொல்லிப் பின்வாங்குவார். அந்த வருடம், இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின புரட்டாசியில், புத்தூரில் சில பெரியவர்கள் சேர்ந்து ஒரு விளைபொருட் கண்காட்சி வைத்தார்கள். பூசணி, வாழைக்குலை, பனம்பண்டங்கள், பெண்களுக்குப் பலகாரப் போட்டி, பனையோலைப் பன்னவேலை, கோலாட்டம், பின்னேரம் கூத்து என்று நோட்டீசு அடித்து ஊரூராய் ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் கலியாணத் தரகர் ஏரம்புவுக்கு ஒரு யோசனை வந்தது.

"வீட்டை வந்து பொம்பிளை பாத்திட்டு, பேந்து சரிவராட்டில் ரெண்டு பகுதிக்கும் வெக்கம். புத்தூருக்கு எல்லாரும் வருவினம். பிள்ளையும் பணியாரம் சுட்டுக்கொண்டு வரட்டும். பணியாரத்தைச் சாட்டி மாப்பிள்ளை அவளைப் பாக்கட்டும்."

மாப்பிள்ளை உடுப்பிட்டி. பெயர் பரமலிங்கம். கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர். தம்பிராசாவுக்கு அந்த ஒரு சொல்லே போதுமாயிருந்தது. வாடகைக் கார் பிடித்து, மனைவியையும் மகளையும் பின்னால் ஏற்றி, பணியாரப் பெட்டியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு போனார்.

பத்மாசினிக்கும் போக விருப்பம்தான். அவ்வளவு தொகையான சனத்தை அவள் திருவிழாவில் தவிர வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் பந்தலுக்குள் போய்க் கொஞ்ச நேரத்திலேயே அந்த விருப்பம் வற்றிவிட்டது. வந்தவர்கள் பூசணிக்காய்களை நகத்தால் கீறிப் பார்த்தார்கள். பலகாரங்களைத் தின்று பார்த்துவிட்டு மேசைக்குக் கீழே துப்பினார்கள். இலவசக் கூழ் வார்த்த கொட்டிலைச் சுற்றி, சிந்திய கூழும் மிதித்த வாழைத்தோலும் புழுதியும் குழைந்து சேறாகிக் கிடந்தன. கோலாட்டம் ஆடிய சிறுமிகளை ஆம்பிளைகள் நெருக்கிக்கொண்டு நின்று, பாட்டைக் கேட்காமல் வேறு என்னவோ கதைத்துச் சிரித்தார்கள். மேடையில் ஒருவர் விவசாயியின் மேன்மையைப் பற்றி முடிவில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்தா, உவர்தான்" என்று தாய் முழங்கையால் இடித்தாள்.

வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, எண்ணெய் வழியப் படிய வாரிய தலை. ஏரம்பு முன்னே வழிவிட்டுக்கொண்டு போக, பரமலிங்கம் மேசை மேசையாக வந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு தட்டிலும் ஒன்றை எடுப்பான், பாதி கடிப்பான், மிச்சத்தைத் திரும்ப அதே தட்டில் போடுவான். "உப்பில்லை" என்றான் ஓரிடத்தில். "பழைய எண்ணெய்" என்றான் இன்னோரிடத்தில். பன்னவேலைப் பகுதியில் ஒரு கிழவி தான் இழைத்த பாயை விரித்து வைத்திருந்தாள். அதன் சாயக்கரையில் விரல்களைத் துடைத்துவிட்டு நடந்தான். கிழவி பாயை மடித்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டாள்.

பத்மாசினியின் மேசைக்கு வந்தபோது அவன் பணியாரத்தை முழுதாகத் தின்றான். தின்றுகொண்டே அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். சந்தையில் மாடு பார்க்கிறவனும் அவ்வளவு ஆற அமரப் பார்க்கமாட்டான்.

"பணியாரம் பரவாயில்லை" என்றான் ஏரம்புவிடம், அவளுக்குக் கேட்கும்படியாகவே. "சுட்ட பொம்பிளைதான் கொஞ்சம் கருகிப் போச்சு."

ஏரம்பு சிரித்தார். தகப்பனும் சேர்ந்து சிரித்தார். அவளுக்கு அது புதிதல்ல. நிறத்தைப் பற்றிய கதையை எத்தனையோ முறை கேட்டு விழுங்கியிருக்கிறாள், இதையும் விழுங்கினாள்.

பிறகு ஏரம்புவும் தகப்பனும் மாப்பிள்ளையோடு பந்தலின் பின்பக்கம் போனார்கள். தாய் அவளிடம் பணியாரத் தட்டைக் கொடுத்து, "மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு குடு" என்று அனுப்பினாள்.

பின்பக்கம் வேலிக்கு அப்பால் கூத்துக்காரர் குந்தியிருந்தார்கள். பந்தலுக்குள் வரவிடாத சாதியார் அவர்கள். காலை தொடக்கம் மேடை கட்டியதும் அவர்கள்தான். ஒரு கூத்து ஆடி முடித்துவிட்டு அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள். அரசன் வேடம் போட்ட வயதாளி, கிரீடத்தைக் கழற்றாமல், மடித்த பனையோலையில் கூழ் ஏந்திக்கொண்டிருந்தார். வேலிக்கு மேலால் ஒருவன் கைபடாமல் உயர்த்தி வார்த்தான்.

பரமலிங்கம் சுட்ட பனங்கொட்டை ஒன்றைச் சூப்பிக்கொண்டு நின்றான். தும்பெல்லாம் வெளுக்கச் சூப்பியாயிற்று. எச்சில் ஒழுக அதை வாயிலிருந்து எடுத்தான்.

"ராசாவுக்குத் திறை வேண்டாமோ?" என்று கேட்டு, அதை அந்தக் கூழுக்குள் எறிந்தான்.

கொட்டை விழுந்த வேகத்தில் கூழ் தெறித்து வயதாளியின் முகமெல்லாம் அடித்தது. பூசியிருந்த அரிதாரம் கரைந்து, சிவப்பும் மஞ்சளுமாய்த் தாடையில் வழிந்தது. நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பத்மாசினியின் தகப்பன் வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

வயதாளி யாரையும் பார்க்கவில்லை. கொட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு மிஞ்சியிருந்த கூழைக் குடித்தார். அன்று முழுக்க அவருக்குக் கிடைத்த சாப்பாடு அதுதான்.

பத்மாசினி தட்டோடு வேலியருகே போனாள். பரமலிங்கம் தனக்குத்தான் என்று கையை நீட்டினான். அவள் அவனைத் தாண்டிப் போய் வேலிக்கு மேலால் தட்டை நீட்டினாள்.

"எடுங்கோ" என்றாள். அந்தச் சாதியில் ஒருவரை 'ங்கோ' போட்டு அழைத்தது அவளுடைய வாழ்வில் அதுதான் முதல் தடவை.

வயதாளி நிமிர்ந்தார். கண்ணில் நன்றி இல்லை, பயம்தான் இருந்தது. "வேண்டாம் நாச்சியார்" என்றார் மெல்ல. "நீங்கள் போயிடுவியள். பேந்து எனக்குத்தான் அடி விழும்."

அவள் தட்டோடு திரும்பி வந்தாள். நீட்டிய கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

திரும்பும் வழியில் தகப்பனுக்கு ஒரே சந்தோசம். "நல்ல பகிடிக்காரன். கந்தோரிலை வேலை பாக்கிற ஆள் எண்ட பெருமை துளியும் இல்லை."

கார் கோப்பாய் தாண்டியதும் பத்மாசினி நிற்பாட்டச் சொன்னாள். இறங்கி, வேலிக்கரையில் குந்திச் சத்தி எடுத்தாள். வெயில் என்றாள் தாய். கண்ணூறு என்றார் தகப்பன்.

மாப்பிள்ளை பகுதிக்குச் சம்மதம் என்று சில நாளில் ஏரம்பு வந்து சொன்னார். அவர் போனபிறகு அவள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"அப்பு, எனக்கு உது வேண்டாம்."

"என்ன குறை கண்டனி?"

"அந்தச் சிரிப்பு எனக்குச் சரிவராது."

"அவன் ஒரு பகிடிக்குச் சிரிச்சது உனக்குக் குறையோ?"

"அந்தாள் சிரிச்சதைச் சொல்லேல்லை" என்றாள் அவள். "நீங்கள் சிரிச்சதைச் சொன்னனான்."

தம்பிராசா கையை ஓங்கினார், அடிக்கவில்லை. அதன்பிறகு தைப்பொங்கல்வரை மகளோடு கதைக்கவில்லை. அவள் வழக்கம்போலச் சோறு போட்டாள். அவர் சாப்பிடுவதை மட்டும் பார்க்க முடியாமல், போட்டதும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

சண்டைக் காலத்தில், தெல்லிப்பழையில் சோமசேகரம் என்ற தாரமிழந்தவரைக் கட்டினாள். சின்னப் பலசரக்குக் கடை. அதிகம் கதைக்காத மனிதர். அந்த வீட்டிலும் தோட்ட வேலைக்கு வருகிறவர்கள் தண்ணீர் குடிக்கச் தேங்காய்ச் சிரட்டைகள் வேலியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வந்த புதிதில் அவளும் அதிலேதான் வார்த்தாள். நெடுங்காலம் வார்த்தாள். ஒரு நாள் காலையில் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டு எரித்துவிட்டு, வீட்டுச் செம்பைக் கிணற்றுக்கட்டில் வைத்தாள். வேலைக்காரர் சிலர் அதைத் தொடப் பயந்து கையில் ஏந்திக் குடித்தார்கள். ஒருவன் மட்டும் செம்பைத் தூக்கிக் குடித்தான். சோமசேகரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஊர் வாயை நீதான் அடைக்கவேணும்" என்றார். கடைக்கு வரும் சனம் குறைந்தது. அவர் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

அந்தக் கோடையில் தகப்பன் மகளைப் பார்க்க வந்தார். வெயிலில் நடந்த களைப்பு. அவள் அந்தச் செம்பிலேயே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஊர்க்கதை அவருக்கும் எட்டியிருந்தது. "உது ஆர் குடிக்கிற செம்பு?" என்று கேட்டார்.

"எல்லாரும் குடிக்கிறதுதான், அப்பு."

அவர் செம்பை நிலத்தில் வைத்தார். அவள் வற்புறுத்தவில்லை. கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் புகையிலையைப் பற்றியும் கதைத்துவிட்டு, தண்ணீர் குடிக்காமலே எழும்பிப் போனார்.