எட்டு சென்டிமீட்டர்

சிவப்புக் கொடித் துணிகளைத் துவைப்பது அவர் வேலை. கிழிசலைத் தைப்பது மனைவியின் வேலை. ட்ரெய்லரின் நான்கு மூலைகளிலும் கட்டுகிற துணிகள். ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தைய மாலை குளியலறை வாளியில் ஊறப்போட்டுக் கும்முவார். அழுக்குக் கொடியைக் கட்டினால் பின்னால் வருகிறவன் மதிக்க மாட்டான் என்பது அவர் கட்சி.

தொழில்காரர்கள் அவரை 'அகலம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளைப் பார்த்தால் சிரிப்பு வரும். பெல்ட்டில் கூடுதலாக மூன்று ஓட்டை போட்டுக்கொண்ட உடம்பு. சாலைக்கு அடங்காத சரக்கை இருபத்திரண்டு வருடமாக ஏற்றிப் போவதால் வந்த பெயர். கொதிகலன், படகு, ஒருமுறை பாதி வீடு. முன்னால் மஞ்சள் விளக்கு சுழலும் காரில், எதிரே வருகிறவர்களை ஒதுக்கியபடி போவது மனைவி. மற்ற நாட்களில் தையல்காரி. "கல்யாணத்துல முன்னாடி நடந்தாரு. அதோட சரி, அப்புறம் எனக்குப் பின்னாடிதான்" என்பாள்.

இந்த முறை சரக்கு, பல் டாக்டர் ஒருவர் ஆசையாய் வைத்திருந்த எண்பது வயது டிராக்டர். பின்சக்கரங்கள் இரும்பு, சேற்றில் புதையாமலிருக்க வெளிப்பக்கம் இன்னொரு வளையமும் கோத்தவை. மறுநாள் கண்காட்சியில் நிற்க வேண்டும். பெர்மிட்டில் எழுதிய அகலம் மூன்று மீட்டர் நாற்பத்தெட்டு. மூன்றரையைத் தாண்டினால் வேறு பெர்மிட், வேறு வழி. போன வருடம் அனுமதியில்லாத பாலத்தில் ஏறியதற்கு அகலத்தின் லைசென்ஸில் ஏற்கெனவே ஒரு தப்பு பதிவாகியிருந்தது. இன்னொன்று பதிவானால் ஒரு வருடத்துக்கு வண்டியைத் தொட முடியாது. அவருக்கு வேறு வேலையும் தெரியாது.

பாதி வழியில் சோதனைச் சாவடி. பரிசோதகர் இரும்பு டேப்பைச் சக்கரத்துக்குச் சக்கரம் இழுத்துப் பிடித்தார்.

"மூணு அம்பத்தாறு."

"இருக்காது சார். நாப்பத்தெட்டு."

"நீங்களே பாருங்கண்ணே."

பார்த்தார். ஐம்பத்தாறு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் ஐம்பத்தாறு. மனைவி காரிலிருந்து தன் துணி டேப்பை எடுத்து வந்து, மூன்று முறை மாற்றி மாற்றி வைத்து அளந்தாள். நாற்பத்தெட்டு.

மூவரும் டிராக்டரைப் பார்த்தார்கள். அது தன்பாட்டுக்கு நின்றது.

சங்கிலியை இறுக்கியதில் சக்கரம் வெளியே நகர்ந்துவிட்டதோ என்று அகலம் அடியில் புகுந்து அச்சைத் தட்டிப் பார்த்தார். துருப்பிடித்து இறுகியிருந்தது. முழங்கையெல்லாம் கிரீஸுடன் வெளியே வந்தார்.

"வெயில்ல இரும்பு விரியும்ல சார்?"

"எட்டு சென்டிமீட்டர் விரியணும்னா, உருகி ரோட்டுல ஓடியிருக்கணும்."

"காலையில ஏத்தும்போது சரியா இருந்துச்சே..."

"காலையில அளந்தீங்களா?"

அளக்கவில்லை. போன வாரம் பெர்மிட்டுக்காக அளந்ததுதான். அவருடைய டேப்பின் சுருள் உடைந்திருந்ததால் மனைவியின் கழுத்தில் கிடந்ததை வாங்கி அளந்தார்கள்.

பரிசோதகரின் அறை மேசையில் அவள் இரண்டு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். துணி டேப்பில் நூற்றைம்பது முடிந்த இடத்தில் இரும்பு டேப் நூற்றைம்பத்து மூன்றரை காட்டியது. துணி இழுபட்டு நீண்டிருந்தது.

"பத்து வருஷமா இதுலதான் தைக்கிறேன். ஒரு சட்டைகூடத் திரும்பி வந்ததில்லையே!"

"ஆளை அளக்குறதும் துணியை வெட்டுறதும் ஒரே டேப்பு. அப்புறம் எப்படிம்மா திரும்பி வரும்?" என்றார் பரிசோதகர்.

அவள் டேப்பைச் சுருட்டவும் இல்லை, தொடவும் இல்லை.

பெர்மிட்டில் அளவைத் திருத்தி வேறு வழியாக அனுப்பிவிடலாம், அதற்குத் தனக்கு அதிகாரம் உண்டு என்றார் பரிசோதகர். பிறகு ஒரு படிவத்தை நகர்த்தினார். "ஆனா இந்தக் கட்டத்தை நிரப்பாம விட முடியாது. அளந்தது யாரு? டேப்பைப் பார்த்து நம்பரைப் படிச்சவர்தான் கையெழுத்துப் போடணும். டிரைவருன்னா டிரைவர் மேல தப்பு. முன்வண்டின்னா அவங்க மேல. அவங்களுக்கு இது முதல் தடவை, எச்சரிக்கையோட போயிடும்."

"நான்தான்" என்றார் அகலம்.

"நான்" என்றாள் மனைவி, அதே மூச்சில்.

பரிசோதகர் பேனாவை மேசையில் வைத்தார். "டீ குடிச்சிட்டு வர்றேன். அதுக்குள்ள ஒரு ஆளா மாறி இருங்க."

அவர் போனதும் அவள் திரும்பினாள். "உங்களுக்கு என்ன பைத்தியமா? ஒரு வருஷம் வீட்டுல உக்காந்து என்ன பண்ணுவீங்க, எனக்குப் பட்டன் தைப்பீங்களா?"

"இல்லடி, நிஜமாவே எனக்குக் குழம்புது. நான் குனிஞ்சு பார்த்த ஞாபகம் இருக்கு. கண்ணாடி சட்டைப் பையில இருந்துச்சு. அப்ப நான் எப்படிப் படிச்சிருப்பேன்?"

"அதான். விடுங்க."

"ஆனா 'நாப்பத்தெட்டு'ன்னு என் வாயால சொன்னது எனக்குக் கேக்குதே."

"நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லியிருப்பீங்க."

"இருப்பீங்கன்னா? சொன்னேனா, இல்லையா?"

அவள் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, 'அளந்தவர்' என்ற இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள்.

"ஏய், எனக்குச் சொல்லிட்டுப் போ. அன்னிக்குப் படிச்சது நீயா, நானா?"

அவள் கார் சாவியை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனாள்.