குனியாத இடுப்பு

தில்லை நகர் டாக்டர் முதலிலேயே சொன்னார். "இடுப்பு மூட்டு தேஞ்சுபோச்சும்மா. புதுசா மாத்திடலாம். ஆனா அப்புறம் மண்டி போட்டு நமஸ்காரம் பண்ணக்கூடாது."

அவ்வளவுதான், எழுந்துவிட்டேன். பெருமாள் எங்கள் வாசல் வழியாக எழுந்தருளும்போது விறைப்பாக நிற்கவா நான் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன்? வேறொரு டாக்டரிடம் போய், சிறு துளை போட்டு மூட்டுக்குள் சுத்தம் செய்யும் ஆபரேஷனைப் பண்ணிக்கொண்டேன்.

சில மாதங்கள் சுகமாக இருந்தது. பிறகு வலி பழையபடி வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. சுவரைப் பிடித்து இறங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு வாசல் கோலத்தில் நெற்றியை வைப்பேன். நான் நிமிர்வதற்குள் பல்லக்கு அடுத்த வீதிக்குத் திரும்பியிருக்கும்.

வருஷக்கணக்கில் இழுத்தடித்து, கடைசியில் மூட்டை மாற்றத் தில்லை நகருக்கே போனேன். "ஏற்கெனவே ஆபரேஷன் ஆன இடம். சிலருக்கு முழுப் பலன் கிடைக்கிறதில்லை. உங்களுக்குப் போகப் போகத்தான் தெரியும்" என்றார் அதே டாக்டர். இப்போது வலியில்லாமல் நடக்கிறேன். மாடிப்படியில் மட்டும் இன்னும் ஒரு பிடிப்பு.

போன புறப்பாட்டில், பல்லக்கு எங்கள் தெருவுக்குள் திரும்பியதும், "மாமி, பெருமாள் ஏள்றார்!" என்று எதிர்வீட்டுப் பெண் குரல் கொடுத்தாள். தெருவே குனிந்தது. நான் மட்டும் கைகூப்பி நின்றேன். காலை வெயிலில் அந்தத் திருமுகம், நெற்றித் திலகம் வரை தெளிவாகத் தெரிந்தது.

வாசல் தேடி வந்தவரை விட்டுவிட்டு, அத்தனை வருஷமும் நான் கோலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.