வெட்டாத தாள்கள்

நண்பரின் மகன், பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் பற்றித் தான் எழுதிய ஆராய்ச்சி நூலைச் சென்ற வாரம் கொண்டுவந்து தந்தான். வாங்கியதும் என் கை தானாகவே மேசையில் கத்தியைத் தேடியது. பழக்கதோஷம். புதுத்தாள் வாசனை இன்னும் அந்த வேலையைச் செய்கிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் கொழும்பில் ஒரு தமிழ் வாரப்பத்திரிகையில் எனக்கு உத்தியோகம். புது நூல் எழுதிய அறிஞர்களின் வீடு தேடிப் போய்க் கதைத்து, அதை எழுதிக் கொடுக்கவேண்டும். கேட்கக் கௌரவமாகத்தான் இருக்கும். பாதி நேரம் நாய்க்குப் பயந்து கேற்றடியில் நிற்பதுதான் வேலை. அப்போது லண்டனிலிருந்து வரும் நூல்கள் சிலவற்றில் தாள்கள் மடித்தபடி, ஓரம் பிரியாமல் இருக்கும். வாசிக்கிறவர்தான் கத்தியால் வெட்டித் திறக்கவேண்டும். ஆகவே யார் வாசித்தவர், யார் அலுமாரிக்கு அழகாக வைத்திருப்பவர் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அப்படி இரண்டு சரித்திர அறிஞர்கள். ஒருவர் வெள்ளவத்தையில், மற்றவர் கொட்டாஞ்சேனையில். ஒன்றாகப் படித்தவர்கள். மன்னார்ப் பக்கத்துப் பழைய துறைமுகம் ஒன்று ஆற்றின் வடகரையிலா, தென்கரையிலா என்று பிடித்த சண்டையில் பல வருடங்களாகப் பேச்சில்லை. துறைமுகம் எப்போதோ மண்ணுக்குள் போய்விட்டது. சண்டை மட்டும் உயிரோடிருந்தது.

வெள்ளவத்தைக்காரரின் புது நூல் லண்டனில் அச்சாகி வந்திருந்தது. அதைப் பற்றிக் கதைக்கப் போனேன். அதன் நடுவில் ஓர் அடிக்குறிப்பு: வடகரை என்று தம் பழைய நண்பர் சொன்னதே சரி, தாம் சொன்னது பிழை. நண்பரின் பெயர் இல்லை.

“ஏன் சேர் பேர் போடேல்லை?”

“போட்டால் கடைசியிலை இருக்கிற பேர் அட்டவணையிலை வந்திடும். அதை மட்டும் பாத்திட்டு மூடி வைச்சிடுவார். வாசிச்சு அறியட்டும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “வாசிச்சவரோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லும், தம்பி,” என்றார். பாவமாக இருந்தது.

கொட்டாஞ்சேனையில் நூல் மேசையிலேயே கிடந்தது. பெயர் அட்டவணையுள்ள கடைசித் தாள்கள் மட்டும் வெட்டப்பட்டிருந்தன. சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அறிஞர்கள் எவரும் புத்தகத்தைப் பின்பக்கமிருந்துதான் திறப்பார்கள்.

“என்ரை பேரே இல்லாத சரித்திரம். இதை ஏன் நான் வாசிக்கவேணும்?”

“நடுவிலை துறைமுகத்தைப் பற்றி ஒரு அடிக்குறிப்பு இருக்கு, சேர்.”

குசினியிலிருந்து பாண் வெட்டும் கத்தியை எடுத்துவந்து அந்த ஒரு தாளை வெட்டினார். வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார்.

“வெள்ளவத்தைக்கு அடுத்த ரயில் எத்தினை மணிக்கு?”

நானும் கூடப் போனேன். வெள்ளவத்தைக்காரர் வந்தவரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி ஓரத்தைத் தடவினார்.

“நடுவிலை ஒரு தாள்தான் வெட்டியிருக்கிறீர். மிச்சத்தையும் வாசியும். நீர் சண்டை பிடிக்க அதிலையும் இடம் விட்டிருக்கிறன்.”

சொன்னவருக்கும் கேட்டவருக்கும் கண் கலங்கிவிட்டது. நான் சன்னலால் கடலைப் பார்த்தேன்.

அந்த இருவரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நேற்று நண்பரின் மகன் தொலைபேசியில் கேட்டான்: “வாசிச்சிட்டியளோ, அங்கிள்?”

“ஓம், ஓம். நல்ல புத்தகம்,” என்றேன். கடைசிப் பக்கங்களில் என் பெயர் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தேன். மூன்று புறமும் மழமழவென்று வெட்டி வந்த புத்தகம். அது என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.