விஞ்ஞானி செய்த முட்டைப் பெட்டி

ஃபேன் மெக்கானிக்கைத் தெருவில் எல்லோரும் விஞ்ஞானி என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதையில் அல்ல. எதிர்வீட்டு அழைப்பு மணியை அவர் சரிசெய்த பிறகு, அதை அழுத்தினால் மாடியில் தண்ணீர் மோட்டார் ஓடியது. அன்று வைத்த பெயர். மனுஷன் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவி வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்த்தாள். முட்டையெல்லாம் தெருமுனை பேக்கரிக்குப் போகும். வீட்டில் அடுப்பு எரிந்ததே பாதி நாள் அந்தக் கோழிகளின் புண்ணியத்தில்தான். கொஞ்ச நாளாக அவற்றுக்கு ஒரு புதுப் பழக்கம். இட்ட முட்டையை மிதிப்பது, விரிசல் விட்டால் கொத்திக் குடிப்பது. பேக்கரிக்காரர் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டார்.

"இனிமே ஒரு முட்டை விரிசலோட வந்தாலும் நான் வேற இடம் பாத்துக்கறேம்மா. கோவிச்சுக்காத."

அவள் முகம் தொங்கிப்போனது. விஞ்ஞானிக்கோ வாயெல்லாம் பல்.

"கவலைய விடு. நான் இருக்கேன்ல?"

"அதாங்க என் கவலையே."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய மரப்பெட்டிக்குள் உடைந்த ஃபிரிட்ஜின் கம்பித் தட்டைச் சரிவாகப் பொருத்தினார். தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் அறுத்து, பெட்டியின் பின்பக்கத்திலிருந்து சமையலறை ஜன்னல் வரை கொண்டுவந்தார். கோழி முட்டையிட்டதும் அது தானாக உருண்டு ஜன்னலடித் தொட்டியில் வந்து விழ வேண்டும். மிதிக்கவும் முடியாது, கொத்தவும் முடியாது.

முதல் முட்டை வந்த வேகத்தில் தொட்டியைத் தாண்டிச் சுவரில் மோதியது. குழாய்க்குள் மெத்தைப் பஞ்சைத் துண்டு துண்டாக ஒட்டினார். அடுத்தது சமர்த்தாக வந்து நின்றது.

ஆனால் கோழிகளுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. முட்டையிட்ட கோழி எழுந்து திரும்பிப் பார்க்கும். ஒன்றும் இருக்காது. மறுபக்கம் திரும்பும். அங்கேயும் இல்லை. பஸ்ஸில் பர்ஸைப் பறிகொடுத்தவர்போல விஞ்ஞானியையே முறைக்கும். சீக்கிரமே அத்தனை கோழிகளும் பெட்டியைக் கைகழுவிவிட்டு, அவருடைய ஸ்பேனர் பெட்டிக்குள் போய் முட்டையிட ஆரம்பித்தன.

"கண்ணுல ஒரு முட்டையாவது படணும்ங்க. அப்பத்தான் நம்பி உக்காரும்," என்றாள் மனைவி.

உடனே காலி முட்டையோட்டில் வெள்ளை சிமெண்டைக் கரைத்து ஊற்றிக் காயவைத்து, ஓட்டை உரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அச்சு அசல் முட்டை. பசை தடவிக் கம்பித் தட்டில் ஒட்டினார்.

"ஸ்க்ரூ போட்டு முடுக்குங்க."

"பசையே போதும். எல்லாம் ஒரு கணக்கு இருக்கு."

கோழிகள் திரும்பி வந்தன. குழாயில் முட்டை உருளும் சத்தம் கேட்டால் விஞ்ஞானி காபியை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார்.

பேக்கரிக்கு அனுப்பும் நாளில் மனைவி அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். தொட்டியிலிருந்த முட்டைகளை அவரே துடைத்து அடுக்கினார். ஒன்று மட்டும் நல்ல கனமாக இருந்தது. தீனி நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

சாயங்காலம் மனைவி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பேக்கரிக்காரர் வந்து நின்றார். ஒரு கையில் முட்டை, மறு கையில் கீறல் விட்ட கண்ணாடிக் கிண்ணம். அவள் பதறிப்போய்க் கேட்டாள்.

"என்னங்க ஆச்சு? மறுபடியும் விரிசலா?"

"முட்டையெல்லாம் நல்லா இருந்துச்சும்மா. ஒரு விரிசல் கிடையாது." கதவு நிலையில் அந்த முட்டையை 'டொக்'கென்று தட்டிக் காட்டினார். "இது மட்டும் ரொம்பவே நல்லா இருந்துச்சு."

அவள் அதை வாங்கிப் புரட்டினாள். அடியில் காய்ந்த பசை. விஞ்ஞானி கூரையில் எதையோ தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரித்ததும் பேக்கரிக்காரரும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

"வழக்கம்போல அனுப்பும்மா. ஆனா நீ அடுக்கு."

அவர் போனபிறகு அவள் சிமெண்ட் முட்டையைக் கணவனின் உள்ளங்கையில் வைத்தாள். உள்ளே போய் ஸ்பேனர் பெட்டியைக் கிளறி, ஒரு ஸ்க்ரூவைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

விஞ்ஞானி ட்ரில்லிங் மெஷினைத் தேடிப் போனார்.