மச்சானின் அரைஞாண் கயிறு

என் மனைவியின் தம்பிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பாகூரில் எங்கள் கரும்புக்கு வெல்லம் காய்ச்சுவது அவன் பொறுப்பு. மலத்தில் ரத்தம் போகிறது என்று அவன் சொன்னபோது ஒருவரும் கவலைப்படவில்லை. கொப்பரையடியில் நிற்பவனுக்குச் சூடேறி மூலம் வரும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். வழக்கப்படி அவனை அடுப்பிலிருந்து நகர்த்திச் கரும்பாலையில் மாடு ஓட்ட விட்டோம். வீட்டில் மூலத்துக்கு மருந்தென்று தினமும் கருணைக்கிழங்கு வெந்தது.

"மாமா, ஒங்க வூட்டுல இனிமே வேற ஒண்ணும் வேகாதா?"

"நீ எழுந்து ஓடுற ஓட்டத்துக்கு இதுவே அதிகம்டா" என்றாள் அவன் அக்கா.

ஆலை ஓய்ந்து, மழை பிடித்து, நடவும் வந்தது. ரத்தம் நிற்கவில்லை. அவன் அரைஞாண் கயிறு இடுப்பிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. எதுவும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் எனக்கு; முடிச்சை இறுக்கிக் கட்டினேன். சில நாளில் மறுபடி நழுவியது.

"மாமாவுக்கு முடிச்சு போடத் தெரியல" என்று சிரித்தான்.

அவன் அக்கா சிரிக்கவில்லை. "அடுப்பு அணைஞ்சி எத்தினி மாசம் ஆவுது? சேத்துல நிக்கிறவனுக்கு இன்னா சூடு?"

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"வெள்ளைக்காரன் முன்னாடி வேட்டிய அவுக்கணுமா? நான் வரல."

"நான் கழுவி வுட்ட ஒடம்புதானடா. நானே வந்து அவுக்கறேன்."

அந்த மிரட்டலுக்கு மறுநாள் காலையே வண்டியில் ஏறிவிட்டான்; அக்காவும் விடாமல் கூட வந்தாள்.

பிரெஞ்சு டாக்டர் விரல்விட்டுப் பார்த்தார். அவன் வயதை இரண்டு முறை கேட்டார். மூலம் இல்லை, குடலில் புற்று, டாக்டர் இதை வயதானவர்களிடம்தான் அதிகம் பார்த்திருக்கிறார் என்று கம்பவுண்டர் தமிழில் சொன்னார். அறுத்தெடுக்க வேண்டும், அதன்பின் மலம் வயிற்றில் வைக்கும் துளை வழியாகத்தான் போகும், பிழைப்பானா என்று இப்போது சொல்ல முடியாது.

மச்சான் இடுப்புக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "கயிறு கட்ட எடம் வுடுவாரான்னு கேளுங்க மாமா" என்றான். நாங்கள் ஏன் சிரித்தோம் என்று டாக்டருக்குப் புரியவில்லை. அவன் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த ஆலைப் பருவத்தில் அவன் கொப்பரையடியில் இல்லை. வயிற்றுத் துளைமேல் துணி கட்டி, நிழலில் உட்கார்ந்து பாகுக்குப் பதம் சொன்னான். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, கயிறு இறுக்குதுபா."

நான் முடிச்சில் கை வைப்பதற்குள் அவன் அக்கா கத்தியோடு வந்துவிட்டாள்.

"ஆடாம நில்லுடா."

"பாத்து அக்கா. டாக்டர் போட்ட ஓட்டையே போதும்."

பழைய கயிற்றை அறுத்துவிட்டு, அதைவிட நீளமான புதுக் கயிற்றைக் கட்டினாள்.